ஸ்லாப் வாங்கலாமா, ரா கார்டு வாங்கலாமா? முதல் முறை பணம் போடுறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன ஒரு தம்பி. "அண்ணா, முதல் போனஸ் வந்திருக்கு. அதுல 40,000 ரூபாயை போக்கிமான் கார்டுல போடலாம்னு இருக்கேன். கிரேடு பண்ணின கார்டு வாங்கட்டுமா, இல்ல ரா கார்டா வாங்கி நானே கிரேடிங்குக்கு அனுப்பட்டுமா? யூடியூப்ல எல்லாரும் ரெண்டாவதுல தான் காசுன்னு சொல்றாங்க." இதுதான் கேள்வி.

இதே கேள்வியை சில வருஷத்துக்கு முன்னாடி நானும் கேட்டிருக்கேன். பதில் தெரியாமலே பணத்தையும் போட்டிருக்கேன். அந்தக் கதையை நடுவுல சொல்றேன். முதலில் அடிப்படை.

கிரேடிங் என்றால் என்ன?

ரா கார்டு என்றால் பாக்கெட்டில் இருந்து எடுத்த மாதிரியே இருக்கும் கார்டு. கவரில் போட்டிருக்கலாம், கெட்டி பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கலாம். ஆனால் மூன்றாவது ஆள் யாரும் அதைப் பார்த்து மதிப்பெண் போடவில்லை.

கிரேடட் கார்டு என்றால் ஒரு நிறுவனம் அதை வாங்கிப் பார்த்து, அசல் தானா, வெட்டியோ திருத்தியோ இருக்கிறதா என்று சோதித்து, 1 முதல் 10 வரை மார்க் போட்டு, திறந்தால் தெரிந்துவிடும்படி பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது. அந்தப் பெட்டிக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். மேலே லேபிள், லேபிளில் ஒரு எண். பி.எஸ்.ஏ., பெக்கெட், சி.ஜி.சி., எஸ்.ஜி.சி. என்று சில பெயர்கள் அடிக்கடி காதில் விழும். எல்லாமே அமெரிக்க நிறுவனங்கள். பி.எஸ்.ஏ. 1991-இல் ஆரம்பித்தது. சி.ஜி.சி. முதலில் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது, 2020-இல் கார்டுக்கும் வந்தது.

என்ன பார்ப்பார்கள்? நாலு விஷயம். படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, நாலு மூலையும் கூராக இருக்கிறதா, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா, மேற்பரப்பில் கீறலோ அச்சுக் கோடோ இருக்கிறதா. பெக்கெட்டில் இந்த நாலுக்கும் தனித்தனி மார்க் வாங்கிக்கொள்ளலாம். நாலும் 10 வந்தால் பிளாக் லேபிள். அது ரொம்ப அபூர்வம்.

இங்கே புதுசா வர்றவங்க ஏமாறும் ஒரு வார்த்தையைச் சொல்லிடறேன். "நியர் மிண்ட்". கேட்டவுடனே கிட்டத்தட்ட புதுசு போலன்னு நமக்குத் தோன்றும். பி.எஸ்.ஏ. அளவுகோலில் 10 என்பது ஜெம் மிண்ட், 9 மிண்ட், 8 நியர் மிண்ட்-மிண்ட். வெறும் "நியர் மிண்ட்" என்பது 7. ரா கார்டு விற்பவர் நியர் மிண்ட் என்று எழுதினால், அவர் பொய் சொல்லாமலே உங்களுக்கு 7 வரும் கார்டை விற்கலாம். நீங்க மனசுக்குள்ள 10 வாங்கிட்டிருப்பீங்க.

யூடியூப் கணக்கில் எங்கே ஓட்டை?

வீடியோவில் சொல்லும் கணக்கு இப்படி இருக்கும்: ரா கார்டு 50 டாலர். கிரேடிங், தபால் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 90. அதே கார்டு 10 கிரேடில் 250-க்குப் போகிறது. ஆக, 160 டாலர் லாபம். முடிந்தது கதை.

எண்கள் உதாரணத்துக்குத்தான். இதே எண்களை வைத்து நாம முழுசா போட்டுப் பார்ப்போம். 9 கிரேடு வந்தால் 80 டாலர், 8 வந்தால் 55 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் தளம் 13 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்றும் வைப்போம்.

பத்து கார்டு அனுப்புகிறீர்கள். மூன்று 10, ஐந்து 9, இரண்டு 8 வருகிறது. விற்றால் 750, 400, 110. மொத்தம் 1,260. தளத்தின் பங்கு போக சுமார் 1,096. செலவு 900. லாபம் 200-க்குக் கொஞ்சம் கம்மி. ஒரு கார்டுக்கு 20 டாலர். வீடியோவில் சொன்ன 160 எங்கே, இந்த 20 எங்கே?

இப்போ பத்தில் ஒன்று மட்டும் 10, ஐந்து 9, நாலு 8 என்று வைத்துப் பாருங்கள். 250, 400, 220. மொத்தம் 870. கையில் வருவது 757. செலவு அதே 900. நஷ்டம் 143 டாலர். இந்த எண்களில், பத்துக்கு இரண்டாவது 10 கிரேடு வரவில்லை என்றால் கைக்காசு போகும். கவனிச்சீங்களா, 9 வந்த கார்டுகூட நஷ்டம்தான். 90 போட்டு, 80-க்கு விற்று, அதிலும் கமிஷன். புதுக் கார்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஏன்னா இன்றைய அச்சுத் தரத்தில் 10 கிரேடு நிறைய வருகிறது. 10 நிறைய இருந்தால் 9-ஐ யார் தேடப்போறாங்க?

சரி, பத்தில் மூன்று வருமா, ஒன்று வருமா? இதுதான் உண்மையான கேள்வி.

சந்தையில் இருக்கும் ரா கார்டு ஏன் சந்தையில் இருக்கு?

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காரில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது சுமாரான கார்கள். இந்த யோசனைக்காகத்தான் 2001-இல் பொருளாதார நோபலை அவர் வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

கார்டு சந்தையும் இதேதான். ஒரு கடைக்காரர் பெட்டி பெட்டியாகப் பாக்கெட் பிரிக்கிறார். நல்ல கார்டு வந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், மூலையை லென்ஸில் பார்க்கிறார். 10 வரும் என்று தோன்றுவதைத் தனியே எடுத்து கிரேடிங்குக்கு அனுப்புகிறார். மீதியை ராவாக விற்கிறார். அந்த மீதியைத்தான் நாம போட்டோ பார்த்து வாங்கி, 10 வரும்னு கனவு காண்கிறோம். அவர் தினமும் நூறு கார்டு பார்க்கிறவர். நாம மாசத்துக்கு ஒண்ணு பார்க்கிறவங்க.

எல்லா ரா கார்டும் கழிச்சுப் போட்டதுன்னு சொல்ல வரல. பரணில் இருந்து எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், கிரேடிங்குக்கு அனுப்பப் பொறுமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் போட்டோவில் வாங்கும்போது, "இது ஏன் இன்னும் ராவா இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பணம் போடாதீங்க.

நான் கட்டிய ஃபீஸ்

இப்போ என் கதை. 1999 பேஸ் செட் பிளாஸ்டாய்ஸ். சின்ன வயசில் டிவியில் பார்த்ததில் இருந்து எனக்குப் பிடித்த கார்டு. வெளிநாட்டில் ஒருத்தரிடம் ராவாக, நியர் மிண்ட் என்று போட்டிருந்தது. முன்பக்கம் இரண்டு போட்டோ, பளிச்சென்று. 9,000 ரூபாய். பின்பக்கப் போட்டோ கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கார்டு வந்தது, கையில் எடுத்துப் பார்த்தேன், சந்தோஷம். அமெரிக்கா போகிற நண்பனிடம் கொடுத்து கிரேடிங்குக்கு அனுப்பினேன். ஃபீஸ், தபால், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 4,500.

மூன்று மாசம் கழித்து ரிசல்ட். 5.

பின்பக்கம் நடுவில் மெல்லிய மடிப்புக் கோடு ஒன்று. சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும். ஸ்லாபில் பார்த்த பிறகு என் கண்ணுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விற்றவரிடம் கேட்டேன். கார்டு கைக்கு வந்து நாலு மாசம் ஆகிவிட்டது, அதுவும் நியாயம்தானே, பதில் வரவில்லை. அன்றைக்கு அதே கார்டு 5 கிரேடு ஸ்லாபாகவே 8,000 சொச்சத்துக்குக் கிடைத்தது. நான் 13,500 கொடுத்து அதைத் தயாரித்திருக்கிறேன்!

இப்பவும் அது என் மேசையில்தான் இருக்கு. விற்க மனசு வரல. ஆனா அதை முதலீடுன்னு சொல்லிக்க மாட்டேன். அது டியூஷன் ஃபீஸ்.

அப்போ ஸ்லாப் வாங்கினால் பாதுகாப்பா?

பாதிப் பாதுகாப்பு. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

முதலில், ஸ்லாபில் இருப்பது மனிதர்களின் கருத்து. இந்தத் தொழிலின் மிகப் பிரபலமான கார்டு, 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட் பாக்கெட்டோடு வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் கார்டு. அதில் ஒரு பிரதியை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய பங்காளியும் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு போட்ட கார்டே அதுதான். கிரேடு 8. பிறகு 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-இல் என்ன ஆனது தெரியுமா? முன்பு அந்தக் கார்டை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரங்களை நான்தான் வெட்டினேன் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய கார்டுக்கு எண் கிரேடே தரக் கூடாது. ஸ்லாப் எண் ஒன்றிலேயே இப்படி.

இரண்டாவது, ஸ்லாபிலேயே போலி உண்டு. பெட்டி, லேபிள் எல்லாம் அச்சு அசலாகச் செய்கிறார்கள். லேபிளில் உள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்க. ஆனா அதோட நிறுத்தாதீங்க. போலி செய்பவர் உண்மையான எண்ணையே காப்பியடிப்பார். தளத்தில் அந்தக் கார்டின் படம் இருந்தால், படத்தில் உள்ள அச்சு விலகலும் உங்களுக்கு அனுப்பிய போட்டோவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சீல் உடைக்காத பெட்டி மட்டும் வாங்கினால் பிரச்சினை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். லோகன் பால் என்ற யூடியூபர் முதல் பதிப்பு போக்கிமான் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்தார். 2022 ஜனவரியில் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஜி.ஐ. ஜோ கார்டுகள். நிபுணர்கள் அசல் என்று சொன்ன பெட்டிகள் அவை.

மூன்றாவதுதான் பெரியது. கிரேடு உங்களைத் தரத்தின் ரிஸ்க்கில் இருந்து காப்பாற்றும். விலையின் ரிஸ்க்கில் இருந்து காப்பாற்றாது. 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பி.எஸ்.ஏ. 10, உலகத்தில் 300-க்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஒன்று 7,38,000 டாலருக்குப் போனது. கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், கையில் பணம், கார்டு மோகம். அந்த மார்ச் மாசக் கடைசியில், வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. தன் சாதாரண சேவைகளையே நிறுத்தி வைத்தது. 2022-இல் அதே ஜோர்டன், அதே 10 கிரேடு, 2 லட்சம் டாலர் பக்கம் இறங்கியது. கார்டில் ஒரு கீறல் விழவில்லை. ஸ்லாபும் உடையவில்லை. வாங்க வந்த கூட்டம் மட்டும் குறைந்தது.

எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்

கிரேடிங் நிறுவனங்கள் ஒவ்வொரு கார்டிலும் எத்தனை 10, எத்தனை 9 கொடுத்திருக்கிறோம் என்ற எண்ணிக்கையை வெளியிடுகின்றன. இதை "பாப்" என்பார்கள். ஸ்லாப் வாங்குமுன் இதைப் பார்ப்பது கட்டாயம். ஒன்றை மறக்காதீங்க, இந்த எண் ஏறும், சுலபத்தில் இறங்காது. இன்றைக்கு 10 கிரேடு 40 தான் இருக்கிறது என்பது அந்தக் கார்டு அபூர்வம் என்பதாலா, இல்லை வெளிவந்து இரண்டு மாசம்தான் ஆகிறது என்பதாலா? புதுக் கார்டுக்கு முதல் சில வாரங்களில் 10 கிரேடுக்கு ஏறும் விலை, ஆறு மாசத்தில் ஆயிரக்கணக்கில் ஸ்லாப் வந்ததும் இறங்குவது வழக்கம்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் கார்டு முதலீடு என்று எல்லாரும் வாங்கி வைத்தார்கள். கம்பெனிகளும் அடித்துத் தள்ளின. அந்தக் காலத்துக்கு "ஜங்க் வேக்ஸ்" என்றே பெயர் வந்துவிட்டது. குப்பைக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அபூர்வமாகவில்லை. அந்தக் கால நட்சத்திரக் கார்டு 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர். அதில் 10 கிரேடு மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

நம்ம ஊர்ல இருந்து வாங்கும்போது

நமக்கு இன்னும் இரண்டு செலவு கூடும். ஒன்று, கார்டு வெளிநாடு போய்த் திரும்ப வேண்டும். தபால், இன்சூரன்ஸ், திரும்பி வரும்போது சுங்க வரி. 50 டாலர் கார்டுக்கு இது கட்டுப்படியே ஆகாது. போதாததற்கு, கிரேடு வந்த பிறகு கார்டின் மதிப்பு நீங்கள் கட்டிய பிரிவின் வரம்பைத் தாண்டினால் பி.எஸ்.ஏ. கூடுதல் கட்டணம் கேட்கும். இரண்டு, விற்பது. வாங்க ஆள் நிறைய இருப்பது வெளிநாட்டில். உள்ளூரில் விற்றால் ஸ்லாப் சுலபமாகப் போகும், ஏன்னா கிரேடு பற்றி வாக்குவாதம் இல்லை. ரா கார்டு என்றால் வாங்குபவர் உங்களை நம்பணும்.

அப்புறம் ஈரப்பதம். சென்னைக் காற்றில் பளபளப்பு ஃபாயில் கார்டு வளைந்துவிடும். மெல்லிய கவர், அதற்கு மேல் கெட்டி உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஸ்லாபும் முழுசாகக் காற்றுப் புகாதது இல்லை. வெயில் படும் இடத்தில் வைத்தால் அதற்குள்ளேயே நிறம் மங்கும்.

இன்னொன்று, ஃபேன்சி ஸ்டோரில் தங்க நிறத்தில் மின்னும் போக்கிமான் கார்டு பாக்கெட் தொங்குமே, அது எல்லாம் பொம்மை. தம்பிக்கு வாங்கிக் கொடுங்க, கிரேடிங்குக்கு அனுப்பாதீங்க.

ரா கார்டு எப்போ சரி?

ரா கார்டே வேண்டாம்னு நான் சொல்லல. மூணு இடத்தில் அதுதான் சரி. ஒன்று, பிடிச்சதால வாங்குறீங்க, விற்கும் எண்ணம் இல்லை. அப்போ ஸ்லாபுக்குக் கூடுதல் காசு எதுக்கு? இரண்டு, நீங்களே பாக்கெட் பிரிச்சு எடுத்த கார்டு. அதை உங்களுக்கு முன்னாடி யாரும் சலிச்சுப் பார்க்கல. மூன்று, நேரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிகிற கார்டு.

பார்க்கும்போது இதைச் செய்யுங்க. முதலில் பின்பக்கம். போக்கிமான் கார்டின் நீல ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் 10 மறந்துடுங்க. பிறகு போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கார்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்க, கீறலும் மடிப்பும் அப்போதான் தெரியும். இடது வலது ஓர அகலத்தை ஒப்பிட்டுப் பாருங்க. 10 வேண்டுமென்றால் முன்பக்கம் ஏறத்தாழ 55-க்கு 45-க்குள் இருக்கணும். கடைசியாக, அதே செட்டின் விலை இல்லாத ஒரு கார்டை அடியில் வைத்து அளவு பாருங்க. போக்கிமான் கார்டு 63-க்கு 88 மில்லிமீட்டர். ஒரு பக்கம் குறைந்தால் வெட்டியிருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் இதே கோணங்களில் வீடியோ கேளுங்க. தர மறுத்தால் அதுதான் பதில்.

ஸ்லாபோ ராவோ, விலை பார்க்கும்போது கேட்கிற விலையைப் பார்க்காதீங்க. விற்று முடிந்த விலையைப் பாருங்க. ஈபேயில் அதற்குத் தனி வடிகட்டி இருக்கிறது. கடைசியாகப் போன ஐந்தாறு விற்பனையை எடுங்க. ஒரே ஒரு பெரிய விலை இருந்தால் அதை ஒதுக்குங்க. ஐந்தாறு விற்பனையே இல்லை என்றால், நீங்கள் விற்க நினைக்கும் நாளிலும் ஆள் இருக்காது என்று அர்த்தம்.

தம்பிக்குப் பதில்

தம்பி, 40,000 ரூபாய் உன் முதல் போனஸ். ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போனால் மூணு மாசம், இதுக்கெல்லாம் தனியா பணம் இருக்கா? இல்லைன்னா, இந்த எபிசோடு உனக்கு அடுத்த வருஷத்துக்கு. கார்டு வட்டி தராது, டிவிடெண்ட் தராது. அடுத்த ஆள் அதிகம் கொடுத்தால்தான் லாபம்.

இருக்குன்னா, அந்த 40,000-ல பத்தாயிரத்தை மட்டும் எடு. உனக்குப் பிடிச்ச, பழைய, நிறைய பேர் தேடுகிற ஒரு கார்டை ஸ்லாபாக வாங்கு. 10 கிரேடு துரத்தாதே. 7, 8 கிரேடில் கண்ணுக்கு அழகா, படம் நடுவில் இருக்கிற கார்டா பார். எண்ணைச் சரிபார். ஓர் ஆயிரம் ரூபாய்க்கு அசல் பாக்கெட் வாங்கிப் பிரி. வரும் கார்டுக்கெல்லாம் நீயே மார்க் போட்டு எழுதி வை. தெரிந்தவர்கள் வைத்திருக்கும் ஸ்லாபை, லேபிளை மறைத்துவிட்டு, எத்தனைன்னு சொல்லிப் பழகு. பத்தில் ஏழு தடவை சரியாச் சொல்ல ஆரம்பிச்சதும் ரா கார்டு பக்கம் போ. அதுவரைக்கும், பார்க்கத் தெரிந்த ஒருத்தருக்கு நீ கொடுக்கும் கூலிதான் ஸ்லாபின் கூடுதல் விலை. அதைக் கொடுக்கத் தயங்கி நான் 5,500 அதிகமாகக் கொடுத்தேன்.

உங்க முதல் கார்டு எது, எவ்வளவு கொடுத்தீங்க, என்ன கிரேடு வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நஷ்டக் கதைக்கு முன்னுரிமை. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.